பச்சரிசிச் சத்தம்

‘முடிச்சு’ விளையாட மூளை வேண்டும், காசு வேண்டாம் என்று விளம்பரம் சொன்னது. இரண்டாவதைக் கேட்டு எல்லோரும் சேர்ந்தார்கள். சேர்ந்த மறுவாரமே, முதலாவது தங்களிடம் ஏராளமாக இருப்பதாக நம்பவும் தொடங்கினார்கள்.

பவளக்கொடிக்கும் அந்த நம்பிக்கை இருந்தது. வேறு யாரும் அவளைப் பற்றி அப்படி நம்பியதில்லை என்பதால் அதைப் பத்திரமாகவே வைத்திருந்தாள். பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நிறுத்தப்பட்டவள். இப்போது வயது பத்தொன்பது. ஓசூர்ப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில், பிளாஸ்டிக் கூரைக்கு அடியில் விளையும் பூக்களைக் காம்பு நீளம் பார்த்து ரகம் பிரிக்கும் வேலை. அறுபது சென்டிமீட்டர் காம்பு விமானம் ஏறும். நாற்பது உள்ளூர்க் கல்யாணத்துக்குப் போகும். அதற்கும் குறைந்தது சாவு வீட்டுக்கு. ஒரு நாளைக்கு மூவாயிரம் பூக்களின் தலையெழுத்தை அவள் தீர்மானித்தாள். தன்னுடையதைத் தீர்மானிக்கத்தான், பதினெட்டு முடிந்த கையோடு, நிலக்கோட்டையிலிருந்து யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏற வேண்டியிருந்தது. ஏறி ஒரு வருடம் ஆகப்போகிறது.

பண்ணையின் பெண்கள் விடுதியில் இடம் கிடைத்ததே பெரிய அதிர்ஷ்டம் என்று வார்டன் அக்கா முதல் நாளே சொல்லிவிட்டாள். “போன வாரந்தான் ஒரு புள்ளைய வீட்டு ஆளுங்க வந்து கூட்டிட்டுப் போனாங்க. இல்லன்னா கட்டில் ஏது?” கட்டிலோடு ஒரு சிவப்பு வாளியும் வந்தது. வாளியின் வயிற்றிலும் கைப்பிடியிலும் அடிப்பாகத்திலும் நெயில் பாலிஷால் ‘இசக்கியம்மாள்’ என்று எழுதியிருந்தது. ஒரு பிளாஸ்டிக் வாளியை மூன்று கையெழுத்துப் போட்டுக் காப்பாற்றும் அளவுக்கு யார் திருடப்போகிறார்கள் என்று பவளக்கொடி சிரித்துக்கொண்டாள். பிறகு தினமும் அதில்தான் குளித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்கு அவள் பவளக்கொடி இல்லை. ‘கம்பளிப்பூச்சி’. விளையாட்டில் அதுதான் அவள் பெயர். நான்கு பேர் கொண்ட அணியில் நான்காவது ஆள். அதிகம் பேசமாட்டாள். ஆனால் மைக்கை அணைக்க எப்போதும் மறந்துவிடுவாள். மடியில் ஒரு கிண்ணம் பச்சரிசி வைத்து மென்றுகொண்டிருப்பது அவள் சின்ன வயதுப் பழக்கம். கவலை வந்தால் கைப்பிடி கூடும். இரண்டு வருடமாக மற்ற மூன்று பேருக்கும் அவளைப் பற்றி உறுதியாகத் தெரிந்த ஒரே செய்தி அந்தச் சத்தம்தான். கோயம்புத்தூரில் கல்லூரியில் படிப்பதாக அவள் சொல்லியிருந்தது, மற்ற எல்லாப் பொய்யையும்போல நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

அணித் தலைவி ரெஹானா. திருச்சியில் ஒரு பல் மருத்துவரிடம் டோக்கன் கொடுப்பவள். வலியில் துடிப்பவர்களை உட்காரவைத்துப் பழகியதால் யாருக்கும் மசியமாட்டாள். “விளையாட்டு நட்பு விளையாட்டோட. போன் நம்பர் கேக்குறவன் அணிய விட்டு வெளிய” என்பது அவள் போட்ட சட்டம். அடுத்தவர் ஜெபசிங். நாகர்கோவிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன பஸ் ஸ்டாண்டில் வண்டி வரும் நேரம் போகும் நேரம் குறிப்பவர். எந்த வண்டியும் சரியான நேரத்துக்கு வராததால் அவருக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைத்தது. மூன்றாவது, சென்னை நச்சினார்க்கினியன். அப்பா தமிழாசிரியர் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்று அவனை வேலையை விட்டு அனுப்பிய நாள்முதல், “நான்தான் பிரேக் எடுத்திருக்கேன்” என்று சொல்லிக்கொண்டிருப்பவன்.

இந்த நால்வரும் சேர்ந்து நாற்பத்தொரு வழக்குகளை அவிழ்த்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு கிரீடம். ஒவ்வொரு கிரீடத்துக்கும் பத்து எடை. திரையின் மூலையில் ‘உங்கள் விடையின் எடை: 410 அணிகள்’ என்று தங்க எழுத்தில் மின்னும். அந்த எடை எந்தத் தராசுக்கு என்று யாரும் கேட்டதில்லை. தங்க எழுத்தில் இருப்பதைக் கேள்வி கேட்பது நம் வழக்கமில்லை.

நாற்பத்தொன்றில் பதினேழாவதை அவிழ்த்தது மட்டும் பவளக்கொடி. அப்போது அவள் நிலக்கோட்டையில்தான் இருந்தாள். மாட்டுக் கொட்டகையில் ஒளிந்துகொண்டு, குரலைத் தாழ்த்தி, மூன்றே வாக்கியம் சொன்னாள். பதினோரு நிமிடத்தில் வழக்கு முடிந்தது. காதுக்குள் மூன்று பேரும் கத்திய கத்தலில் அவள் துள்ள, அவள் துள்ளியதில் மாடு மிரண்டது. வாழ்க்கையில் அவளுக்குக் கிடைத்த முதல் கைதட்டல். அந்தத் தைரியத்தில்தான் பத்து நாள் கழித்து அவளால் பஸ் ஏற முடிந்தது என்றுகூடச் சொல்லலாம்.

அன்றைக்கு நாற்பத்திரண்டாவது வழக்கு. தொடங்குவதற்கு முன்பான வெட்டிப்பேச்சில் ஜெபசிங் அலுத்துக்கொண்டார்.

“என்ன மக்ளே, எந்தக் கதை வந்தாலும் அதே மேப்பு. இடதுபக்கம் கடலு, வலதுபக்கம் மலை. வேற ராஜ்ஜியமே கெடையாதா இவனுக்கு?”

“புதுசா வரையச் சோம்பேறித்தனம் அண்ணே,” என்றான் நச்சினார்க்கினியன். “எங்க கம்பெனிலயும் இதே கூத்துதான். ஆஸ்பத்திரிக்காரன் நோயாளி லிஸ்ட் தருவான். பேரு, ஊரு, தேதி எல்லாத்துக்கும் வேஷம் கட்டி வெளிய அனுப்புவோம். தூரத்துல மட்டும் கை வெக்கமாட்டோம். வெச்சா கணக்கு உதைக்கும். மேப்ப கண்ணாடில பாக்குற மாதிரி திருப்பிப் போடு, சோலி முடிஞ்சிது. எவனுக்கும் தெரியாது.”

“அதான் உன்ன வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா?” என்றாள் ரெஹானா.

“நான்தான் பிரேக்...”

மணி அடித்தது. திருவாளர் முடிச்சு வந்துவிட்டார். அவருக்கு உருவம் கிடையாது. அரசாங்க விழாவில் வரவேற்புரை வாசிப்பவரின் குரல் மட்டும் உண்டு.

“வணக்கம், அறிவுச் செம்மல்களே! இன்றைய வழக்கு: ஓடிப்போன முத்துக்காரி. முத்துமாளிகையில் இளவரசருக்கு முத்து கோத்துவந்த இளம்பெண், மணநாள் குறித்த பின் மறைந்துவிட்டாள். இளவரசர் அன்ன ஆகாரமின்றித் தவிக்கிறார். அவளை ஒப்படைப்பவருக்குக் கிரீடம் காத்திருக்கிறது. அவள் இப்போது எங்கே இருக்கிறாள்? வரைபடத்தில் ஊசி குத்துங்கள். நாற்பது நிமிடம்.”

“ஐயோ பாவம் இளவரசர்,” என்றாள் ரெஹானா. “ஓடினவ என்ன பாடு பட்டாளோன்னு கேக்க ஒரு நாதி இல்ல. சரி, முதல் துப்பு தொறக்குறேன்.”

திரையில் ஒரு முத்துச்சரம் வந்தது. ஐந்து முத்துக்கு ஒரு பச்சைக் கல். முடிச்சுகள் எல்லாம் இடமிருந்து வலமாகப் போகாமல் வலமிருந்து இடமாகப் போயிருந்தன.

“இடதுகைக்காரி,” என்றார் ஜெபசிங்.

பவளக்கொடி தன் இடது கையைப் பார்த்தாள். நிலக்கோட்டைப் பூ மண்டியில், ஐந்து கண்ணி மல்லிகைக்கு ஒரு மருக்கொழுந்து இலை வைத்து, இடது கையால் கட்டுவது ஒரே ஒருத்திதான். ‘பீச்சாங்கைச் சரம்’ என்று ஊரே கேலி செய்யும். ஆனாலும் ஐந்து ரூபாய் கூடக் கொடுத்து வாங்கும்.

உலகத்தில் எத்தனையோ இடதுகைக்காரிகள் இருப்பார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஒரு கைப்பிடி அரிசியை வாயில் போட்டாள்.

இரண்டாவது துப்பு வந்தது. முத்துக்காரிக்குத் தேரில் வளைந்து செல்லும் பாதை ஆகாது. குமட்டும். எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டேதான் பயணம் செய்வாள்.

பவளக்கொடிக்கும் அப்படித்தான். நச்சினார்க்கினியன் சொன்ன கண்ணாடி நினைவுக்கு வந்து, போனை எடுத்துக்கொண்டு குளியலறைக்கு ஓடினாள். அங்கேதான் விடுதியின் ஒரே கண்ணாடி இருந்தது. வரைபடத்தை அதற்கு நேராகப் பிடித்தாள். இடதுபக்கக் கடல் வலதுபக்கம் போனது. மலை மேற்கே வந்தது. தெற்கே கூர்முனை. இரண்டாம் வகுப்புச் சுவரில் தொங்கிய அதே தமிழ்நாடு. முத்துமாளிகை இருந்த இடத்தில் நிலக்கோட்டை.

அப்படியானால் அன்ன ஆகாரமின்றித் தவிக்கும் இளவரசர், அவளுடைய அம்மாவின் தம்பி தவசி மாமா. முப்பத்தாறு வயது. பூ கமிஷன் மண்டி. மூன்று வேளையும் மூன்று வீட்டில் சாப்பிடக் கூடியவர். அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தச் சொன்னதும், “படிச்சது போதும், சரத்துக்கு அஞ்சு கண்ணி எண்ணத் தெரிஞ்சாச் சரி” என்றதும் அவரே. முதல் தடவை அவள் மறுத்தபோது கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு கல்யாணத் தேதியை வாசித்ததும் அவரே. எந்திரம் அவருக்குக் கிரீடம் வைத்து, பூ மண்டியை முத்துமாளிகையாக்கி, அவள் தப்பித்து வந்ததைப் புதிராக்கி, அவளுடைய நண்பர்களிடமே கொடுத்திருக்கிறது. எல்லாம் தெரிந்த அந்த எந்திரத்துக்கு, தேடப்படுகிறவளும் தேடுகிற கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்பது மட்டும் தெரியவில்லை. மாமா நிரப்பிக் கொடுத்த படிவத்தில் அந்தக் கட்டம் இல்லை போலும்.

இதை மூன்று பேருக்கும் எப்படிச் சொல்வது? பேசுவதெல்லாம் திருவாளர் முடிச்சின் காதில் விழும். போன் நம்பர் கேட்டால் அணியை விட்டு வெளியே. அவள் விலகிப் போனாலும் மற்றவர்கள் ஊசியைக் குத்திவிடுவார்கள். எடை நானூற்றுப் பத்து. தங்க எழுத்தில்.

அவள் கட்டிலுக்குத் திரும்பி வந்தபோது நண்பர்கள் அவளை நெருங்கிக்கொண்டிருந்தார்கள்.

“வளைஞ்ச ரோடு ஆகாதுன்னா மலை ஊர் எல்லாத்தையும் அடிச்சிரலாம்,” என்றாள் ரெஹானா. “நேரா போற ராஜபாட்டைதான். முத்துமாளிகைலேர்ந்து நேரா வடக்க போறது ஒண்ணே ஒண்ணு.”

“அது எங்க போய் முட்டுது?” என்றான் நச்சினார்க்கினியன். “மேல மூலைல. பளிங்குப் பந்தல் ஊர்.”

“முத்து கோக்குறவ முத்து கோக்குற ஊருக்கே போவமாட்டா கேட்டியா,” என்றார் ஜெபசிங். “மொத அங்கதான் தேடுவான்னு அவளுக்குத் தெரியும். ஆனா கைத்தொழில விட்டும் இருக்க முடியாது. கோக்காத, வெறுமன ரகம் பிரிச்சுப் பெட்டில போடுற எடம் ஏதாவது இருக்கா பாரு.”

“பளிங்குப் பந்தல்ல தாமரை வளர்த்து வெளிநாட்டுக்கு அனுப்புறாங்கன்னு குறிப்புல போட்டிருக்கு மச்சி! பிரிச்சு, பெட்டில வெச்சு...”

“ஜெபா அண்ணே, நீங்க பஸ் ஸ்டாண்டுல இருக்க வேண்டிய ஆளே இல்ல.”

“அத எங்க மேனேஜர்ட்ட சொல்லு மோளே.”

பவளக்கொடிக்குத் தன் நண்பர்களின் புத்திசாலித்தனத்தை நினைத்துப் புல்லரித்தது. இன்னும் கொஞ்சம் போனால் கட்டில் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். பதினேழாவது வழக்குக்குப் பின் முதல்முறையாக அவள் தானாக வாயைத் திறந்தாள்.

“எனக்கென்னமோ... அவ அரண்மனையிலயே எங்கயாச்சும் இருப்பான்னு தோணுது.”

“கம்பளி பேசிட்டா!” என்று கத்தினான் நச்சினார்க்கினியன். “மச்சி, துணிய எடுத்து உள்ள போடுங்க, மழை வரப்போகுது.”

“அரண்மனையிலயே இருக்கிறவளுக்கு எதுக்குடி தேர், எலுமிச்சம்பழம்?” என்றாள் ரெஹானா. “பதினேழாவது கேஸ அவிழ்த்தவ பேசுற பேச்சா இது? உடம்பு சரியில்லையா? சரி, கடைசித் துப்பு. நானே வாசிக்கிறேன். அப்பறம் ஊசியக் குத்திரலாம்.”

பவளக்கொடி கை நிறைய அரிசியை அள்ளி வாயில் திணித்தாள். கடகடவென்று மென்றாள். பயத்தில் பல்லுக்கும் அரிசிக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

“முத்துக்காரிக்கு ஒரு விசித்திரப் பழக்கம் உண்டு,” என்று வாசித்தாள் ரெஹானா. “கவலை வந்தால் களஞ்சியத்துப் பச்சரிசியைப் பிடி பிடியாக...”

அங்கே நின்றுவிட்டாள்.

மல்லிகையை முத்தாக்கிய எந்திரம், பஸ்ஸைத் தேராக்கிய எந்திரம், பச்சரிசியை மட்டும் பச்சரிசியாகவே விட்டிருந்தது. அரண்மனையிலும் அரிசி உண்டு என்பதால் மாற்றத் தேவையில்லை என்று நினைத்ததோ என்னவோ. 

நான்கு ஊரிலும் யாரும் பேசவில்லை. அந்த அமைதியில் ஒரே ஒரு சத்தம் மட்டும் கேட்டது. கரக். கரக். அது தன் வாயிலிருந்துதான் வருகிறது என்று பவளக்கொடிக்கு உறைக்க நேரமாயிற்று. அப்படியே நிறுத்தினாள். பாதி மென்ற அரிசி கன்னத்தில் இருந்தது. விழுங்கவும் பயம்.

“செம்மல்களே,” என்றது திருவாளர் முடிச்சின் குரல், “உங்களுக்குப் பதின்மூன்று நிமிடங்கள் உள்ளன.”

ஜெபசிங் தொண்டையைச் செருமினார். “லேய், ஒரு நிமிசம். நாம மொத்தமா தப்பா போறோம்.”

“எப்படி?” என்றான் நச்சினார்க்கினியன். அவன் குரல் மாறியிருந்தது.

“துக்கப்பட்ட மனுசி எங்க போவா? கடலுக்காக்கும் போவா. அது இயற்கை. இந்தப் பளிங்குப் பந்தல்ல ஒரு சொட்டுக் கடல் உண்டா? தெற்கு முனைல பாரு, மூணு பக்கமும் கடலு.”

இவ்வளவு மோசமான ஒரு தர்க்கத்தை அந்த அணியில் யாராவது முன்பு சொல்லியிருந்தால் நச்சினார்க்கினியன் ஒரு மாதம் வைத்துக் கிழித்திருப்பான். இப்போது அவன், “அடேங்கப்பா, கரெக்ட் அண்ணே!” என்றான். “அங்க ஒரு தேர் நிலையம் கூட இருக்கு. அவ கண்டிப்பா தேர் நிலையத்துலதான் இருப்பா.”

“தேருன்னா வாந்தி எடுக்குறவடா,” என்றாள் ரெஹானா.

“அதான் பாயிண்ட்! பயத்த ஜெயிக்கணும்னா பயம் இருக்கிற எடத்துலயே போய்க் குடியிருக்கணும். மனோதத்துவம்.”

“ஆமா, நானும் படிச்சிருக்கேன்,” என்றாள் ரெஹானா, வாழ்நாளில் அதைப் படிக்காதவள். “இடதுகைக்காரங்களுக்குத் தெற்குத் திசை ராசின்னு வேற சொல்வாங்க. எல்லாம் பொருந்துது.”

பவளக்கொடி முதலில் இவர்களுக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்தாள். நாற்பத்தொரு கிரீடம் வாங்கிய மூன்று மூளைகள், கல்யாணத் தரகர்கூடச் சொல்லக் கூசும் காரணங்களை அடுக்கிக்கொண்டிருந்தன. அவள் நிம்மதியாக மூச்சு விடும்போது ரெஹானா சாதாரணமாகச் சொன்னாள்:

“கம்பளி, உன் மைக் ஆன்லதான் இருக்கு. பரவால்ல. நீ எப்பவும் போல கடிச்சுக்க. எங்களுக்கு அது இல்லன்னா ஓடாது.”

பவளக்கொடி கன்னத்தில் இருந்த அரிசியை மென்றாள். கண்ணிலிருந்து வழிந்தது வாய்க்குள் போனதால் அரிசி உப்புக் கரித்தது.

ஊசி தெற்கு முனையில், தேர் நிலையத்தின் மேலேயே விழுந்தது. “அபாரம்!” என்றார் திருவாளர் முடிச்சு. அவருக்கு எல்லா விடையும் அபாரம்தான்.

“போர் அடிக்குது,” என்றாள் ரெஹானா. “கேரம் ஆட வர்றீங்களா? அந்த ஓசி கேரம் ஆப் இருக்குல்ல, நீலக் கலர்ல.”

நான்கு பேரும் அதற்கு முன்பு சேர்ந்து கேரம் ஆடியதில்லை.

கேரம் பலகைக்குக் கீழே எழுதிப் பேச ஒரு சின்னப் பெட்டி இருந்தது. ரெஹானா காயை எல்லாம் அப்படியே விட்டுவிட்டு நேராக எழுதினாள்.

“உன் பேரு என்னம்மா?”

இரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. பவளக்கொடி தன் பெயரை எழுதினாள். பிறகு மாமாவை எழுதினாள். தேதியை எழுதினாள். கோயம்புத்தூர்க் கல்லூரி பொய் என்றும் எழுதினாள்.

“கல்லூரி பொய்னு தெரியும்,” என்று பதில் வந்தது நச்சினார்க்கினியனிடமிருந்து. “எந்தக் காலேஜ்காரி ஒரு வருசமா பரீட்சையப் பத்திப் புலம்பாம இருப்பா?”

“இது எப்பிடி நடக்குது தம்பி? விளக்கமா சொல்லு,” என்றார் ஜெபசிங்.

“பதினெட்டு முடிஞ்சவ, இஷ்டப்பட்டுப் போயிருக்கா, நாங்க ஒண்ணும் பண்ண முடியாதுன்னு போலீஸ் சொல்லிரும் அண்ணே. அப்போ குடும்பம் இந்த மாதிரி தேடித்தர்ற கம்பெனிக்குப் போகும். என்ன பழக்கம், என்ன பயம், என்ன வேலை தெரியும், எல்லாம் எழுதிக் கொடுக்கும். மெஷின் சல்லடை போடும். ஒரு அளவுக்கு மேல அதால முடியாது. துக்கப்பட்டவ எந்தப் பக்கம் திரும்புவான்னு அதுக்கு எப்படித் தெரியும்? அதுக்குத்தான் நம்மள மாதிரி அறிவுச் செம்மல்கள். ஆயிரம் அணிகிட்ட கதையாச் சொல்லிக் கேக்கும். அதிக எடை எங்க விழுதோ அங்க ஆள் போகும். வேஷம் கட்டுறத நான் மூணு வருசம் செஞ்சேன். அது என்னத்துக்குப் போகுதுன்னு ஒரு நாள் கேட்டேன். அன்னைக்குத்தான் எனக்குப் பிரேக் குடுத்தாங்க.”

முதல்தடவையாக அவன் ‘குடுத்தாங்க’ என்று எழுதியிருந்தான்.

“அப்ப நம்ம நானூத்திப் பத்து?” என்று கேட்டாள் பவளக்கொடி.

“அத்தன அணி வேற எடத்துல குத்தினாத்தான் நம்மள ஜெயிக்க முடியும். குத்த மாட்டாங்க. பயப்படாத பவளம்.”

“ஆனா தெக்க அந்த எடத்துல வேற எந்தப் பொண்ணாவது இருந்தா? அவள இவங்க பிடிச்சு...” என்று எழுதினாள் பவளக்கொடி.

“மக்ளே,” என்று எழுதினார் ஜெபசிங், “நான் கண்ண மூடிட்டா குத்தச் சொன்னேன்? அந்தத் தேர் நிலையம் எனக்க பஸ் ஸ்டாண்டு. அங்க வந்து விசாரிக்கணும்னா டைம் ஆபீசுலதான் விசாரிக்கணும். டைம் ஆபீசுல நான் இருக்கேன். மேப்பத் திருப்பிப் போடுறத நம்ம தம்பி சொன்னானே, பச்சரிசின்னு கேட்டதும் கண்ணாடி எடுத்துப் பாத்தாச்சு.”

ஒன்பது நாள் கழித்து, கேரம் பலகையில் ஜெபசிங் அறிக்கை தாக்கல் செய்தார். இளவரசர் வந்திருந்தார். கூட இரண்டு தடியன்கள், ஒரு வெள்ளைக் கார், கையில் லேமினேஷன் செய்த போட்டோ.

“அன்ன ஆகாரம் இல்லாதவன் மாதிரி தெரியல. நாலு பழம்பொரி தின்னான். ‘இந்தப் புள்ளைய பாத்தீரா வே’ன்னான். பாத்தேனே, எலுமிச்சம்பழமும் கையுமா கோதையாறு வண்டில ஏறிச்சுன்னு சொன்னேன். கார்ல போறேன்னான். கார விடமாட்டான், காட்டிலாகா, பஸ்லதான் போவணும்னு சொல்லிக் கடைசி சீட்டுல ஏத்தி விட்டேன். சாயங்காலம் திரும்ப வந்து எறங்கும்போது ஆளு வாழைத்தண்டு மாதிரி கெடந்தான். மோளே, வளைஞ்ச ரோடு ஆகாத வியாதி உங்க குடும்பத்துக்கே உண்டோ?”

பவளக்கொடி விடுதிக் கட்டிலில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தாள். பக்கத்துக் கட்டில்காரி திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்தாள். மாமாவின் வாந்தியை யாராவது இவ்வளவு சந்தோஷமாகக் கொண்டாடியிருப்பார்களா என்று தெரியவில்லை.

முடிச்சு அவர்களைத் தண்டித்தது. கிரீடங்களின் எடையில் பாதியைப் பிடுங்கிக்கொண்டது. எடை இருநூற்று ஐந்து. “இன்னொரு தடவ இப்படிப் பொய் சொல்ல இது பத்தாது,” என்று எழுதினான் நச்சினார்க்கினியன். “எடை ஏறணும்னா நாலஞ்சு கேஸ்ல சரியான விடை சொல்லணும்.” எழுதிவிட்டு, என்ன எழுதினோம் என்று அவனே படித்துப் பார்த்திருக்க வேண்டும். அதை அழித்துவிட்டான். எல்லோரும் அதற்குள் படித்துவிட்டிருந்தார்கள்.

அடுத்த திங்கட்கிழமை, வேலை முடிந்து குளிக்கப் போகும்போது போன் மணி அடித்தது. திரையில் வண்ணத்தாள்கள் உதிர்ந்தன. பலூன் பறந்தது.

‘கம்பளிப்பூச்சி அவர்களே! ஓராண்டுக்கு முன்பு இதே நாளில், பதினேழாவது வழக்கைப் பதினோரு நிமிடத்தில் அவிழ்த்தீர்கள்! உங்கள் பொன்னான தருணத்தை மீண்டும் காணுங்கள்!’

பவளக்கொடி ஒரு கையில் வாளியும் ஒரு கையில் போனுமாகக் குளியலறையில் நின்றாள். அந்த வழக்கை நன்றாகவே நினைவிருந்தது. மறக்கக்கூடிய கைதட்டலா அது? அரண்மனையிலிருந்து ஓடிப்போன, பாத்திரம் துலக்கும் ஒருத்தி. கூடப் பிறந்தவர்கள் கண்ணீர் விட்டுத் தேடுவதாகத் திருவாளர் முடிச்சு உருகியிருந்தார். யாருக்கும் பிடிபடாத துப்பு ஒன்று இருந்தது. தன் பொருள் எதுவானாலும் அதில் தன் பெயரை எழுதாமல் அவள் விடமாட்டாள்.

தன் பழைய குரலே போனிலிருந்து வந்தது. பின்னால் மாடு அசைபோடும் சத்தம்.

“பேரை எழுதுறவ, தனியா இருக்க எடத்துக்குப் போகமாட்டாக்கா. ஆயிரம் பேருக்கு ஒரே மாதிரி சாமான் கொடுக்குற எடத்துக்குத்தான் போவா. அங்கதான் இது என்னோடதுன்னு எழுதி வைக்க வேண்டியிருக்கும்.”

பிறகு கத்தல். கைதட்டல். ‘கம்பளி, நீ மேதைடி!’ ஊசி போய்க் குத்திய இடத்தைத் திரை பெரிதாக்கிக் காட்டியது. வரைபடத்தின் மேல்மூலை. பளிங்குப் பந்தல்கள். தாதியர் குடியிருப்பு.

கண்ணாடிக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இருந்தாலும் பிடித்தாள். கண்ணாடியில் ஓசூர் தெரிந்தது. அதற்குக் கீழே, தன் கையில் தொங்கிய வாளியும் தெரிந்தது. எழுத்துகள் திருப்பிப் போட்டிருந்தாலும் படிக்க முடிந்தது.

‘இந்த மகிழ்ச்சியை நண்பர்களோடு பகிர விரும்புகிறீர்களா?’ என்று கேட்டது முடிச்சு. ‘ஆம்’ என்று ஒரு பொத்தான், ‘பிறகு’ என்று ஒரு பொத்தான். மூன்றாவது பொத்தானை யாரும் செய்து வைக்கவில்லை.

அன்றைக்கு அவள் குளிக்கவில்லை. வாளியைக் கொண்டுபோய்க் கட்டிலின் மேல் வைத்தாள். வார்டன் அக்காவைத் தேடிப் போனாள்.

“அக்கா, எனக்கு முன்னால இந்தக் கட்டில்ல இருந்த புள்ள... கூட்டிட்டுப் போனாங்கன்னீங்களே. அவ இஷ்டப்பட்டா போனா?”

வார்டன் அக்கா வருகைப் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. “இஷ்டப்பட்டுப் போறவ வாளிய விட்டுட்டாடி போவா? செருப்புகூடப் போடல.”

திரும்பி வந்து கேரம் பலகையைத் திறந்தாள். மூன்று பேரும் இருந்தார்கள். ஜெபசிங் ஏதோ ஜோக் சொல்லி முடித்திருந்தார். பவளக்கொடி எழுதினாள். இரண்டு தடவை அழித்து, மூன்றாவது தடவை அனுப்பினாள்.

“பதினேழாவது கேஸ்ல நாம கண்டுபிடிச்சோமே, அவ பேரு இசக்கியம்மாள். அவ வாளி என்கிட்டதான் இருக்கு. அவ கட்டில்லதான் நான் படுத்திருக்கேன். அவள எந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போனாங்கன்னு நாம கண்டுபிடிக்கணும்.”

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் எழுதினாள்.

“அதுக்கப்பறம் மிச்சம் நாப்பது.”

மூன்று பேரும் பதில் எழுதிக்கொண்டிருப்பதாக மூன்று இடத்தில் புள்ளிகள் துடித்தன. நின்றன. மறுபடி துடித்தன. தொடாத காய்களோடு கேரம் பலகை, ‘உங்கள் முறை, உங்கள் முறை’ என்று நினைவூட்டிக்கொண்டே இருந்தது.